கோமோவில் பட்டு ஸ்கார்ஃப் டிசைன் செய்த அனுபவம்

மிலானில் இருக்கும் ஒரு ஃபேஷன் பிராண்டுக்கு பட்டு ஸ்கார்ஃப் டிசைன் செய்ய, குறுகிய கால ஒப்பந்தத்தில் இத்தாலி போய் வந்தேன். அதுவரை ஃப்ரீலான்ஸராக நான் செய்தது பெரும்பாலும் திருப்பூர் ஏற்றுமதி நிறுவனங்களுக்கான டி-ஷர்ட் பிரின்ட்தான். இப்படி ஒரு வேலை உங்களுக்கு வந்தால், ஸ்டூடியோவில் மட்டும் உட்காராமல் துணி அச்சாகும் இடத்துக்கும் அனுப்பச் சொல்லி முதலிலேயே கேளுங்கள். நான் கேட்டேன், கிடைத்தது.

ஸ்டூடியோவிலும் நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. ஸ்கார்ஃப் 90 செ.மீ. சதுரம். ஒவ்வொரு டிசைனையும் அதே அளவில் மெல்லிய காகிதத்தில் பிரின்ட் எடுத்து, மூலைக்கு மூலை மடித்து, தலைமை டிசைனர் தன் கழுத்திலேயே சுற்றிப் பார்ப்பார். கட்டிக்கொண்டபின் கண்ணில் படுவது மூலைகளும் பார்டரும்தான், நடுப்பகுதி மடிப்புக்குள் போய்விடும். மூலையில் எந்த நிறம் வர வேண்டும் என்பதை அப்படித்தான் முடிவு செய்தோம். ஓரத்தைக் கையால் சுருட்டித் தைப்பதால், அந்தத் தையலுக்குப் போகும் அளவையும் பார்டரில் விட வேண்டும்.

அப்புறம், துணி அச்சாகும் ஊரான கோமோ. மிலான் கடோர்னா நிலையத்திலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஏரியைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். ஆனால் அது நூற்றாண்டுகளாகப் பட்டுத் தொழில் நடக்கும் ஊர். கச்சாப் பட்டு இப்போது பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகிறது. சாயம், அச்சு, ஃபினிஷிங் வேலைகளில்தான் அந்த ஊரின் பெயர் நிற்கிறது.

அச்சகத்தில் நிறம் கலக்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். 1868-இல் தொடங்கிய அவ்வூர்ப் பட்டுத் தொழில் பள்ளியான செத்திஃபீசியோவில் படித்தவர். நான் பார்த்த மனிதர்களில் நிறத்தை இவ்வளவு அறிந்தவர் வேறு யாரும் இல்லை. பட்டில் சாயம் அச்சானதும் மங்கலாக, சுண்ணாம்பு படிந்ததுபோல இருக்கும். நீராவியில் வைத்து, அலசிய பிறகுதான் உண்மையான நிறம் வரும். இவர் அந்த மங்கலைப் பார்த்தே, "இந்தச் சிவப்பு கொஞ்சம் ஊதாப் பக்கம் போகும்" என்பார். நீராவியும் அலசலும் முடிந்து துணி வெளியே வரும்போது அவர் சொன்னபடியே இருக்கும்.

டி-ஷர்ட்டில் பிளாஸ்டிசால் என்ற பிளாஸ்டிக் கலந்த இங்க் துணியின் மேல் படியும். அடியில் வெள்ளை அடித்துவிட்டால் எந்த நிறமும் பளிச்சென்று நிற்கும். பட்டில் சாயம் இழைக்குள் இறங்குகிறது. வெள்ளை வேண்டும் என்றால் அந்த இடத்தில் துணியை வெறுமனே விட வேண்டியதுதான். மஞ்சள் மேல் நீலம் விழுந்தால் பச்சை ஆகிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன் (சாயத்தை வடித்து அச்சிடும் வலைச் சட்டம்) என்பதால் செலவு ஏறும். அந்தப் பெரியவர் இந்த மேல்விழுதலையே பயன்படுத்தி, தனி ஸ்கிரீன் இல்லாமல் என் டிசைனில் ஒரு பச்சையைக் கொண்டுவந்தார். அதைப் பார்த்ததும் மிலானுக்குத் திரும்பி, மற்ற ஃபைல்களின் செபரேஷனையும் (டிசைனை நிறம் நிறமாகப் பிரிப்பது) அதே முறையில் மாற்றிப் போட்டேன். இன்க்ஜெட் பிரின்டிங்கில் நிற எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை, ஆனால் நீராவியும் அலசலும் அங்கேயும் உண்டு. மானிட்டரில் தெரிவதை வைத்து நிறத்துக்கு ஓகே சொல்ல முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கோமோவில் உள்ள பட்டு அருங்காட்சியகத்துக்கும் போனேன். புழு வளர்ப்பிலிருந்து அச்சு வரை பழைய இயந்திரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். டெக்ஸ்டைல் டிசைனர்கள் தவற விடாதீர்கள்.

ஒப்பந்தத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. வேலை விசாவுக்கான ஏற்பாடுகளை பிராண்டே செய்தது. சுற்றுலா விசாவில் வந்து வேலை பார்க்கச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு டிசைனுக்கு எத்தனை கலர்வே (அதே டிசைனின் வேறு நிறச் சேர்க்கை), மாதிரித் துணி பார்த்தபின் எத்தனை முறை திருத்தம், டிசைனை ஸ்கார்ஃபுக்கு மட்டும் பயன்படுத்துவார்களா, டை, சட்டை என்று நீட்டுவார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். கடைசிக் கேள்விக்கு நான் தனித் தொகை கேட்டேன், மறுபேச்சில்லாமல் சேர்த்தார்கள்.