மைக்ரேனுக்கு உதவித்தொகை நிராகரிச்சுட்டாங்க, அவசரம்

தவிட்டுக்குருவி: மனைவிக்குத் தீராத மைக்ரேன், மாசத்துல பாதிநாள் இருட்டறைதான். உதவித்தொகைக்கு விண்ணப்பிச்சோம், தகுதியில்லைன்னு கடிதம் வந்துடுச்சு. எம்ஆர்ஐ நார்மல்னு வந்ததுதான் காரணமா? சீக்கிரம் சொல்லுங்க.

ஓலைப்பெட்டி: யூடிஐடி அட்டைக்கா, இந்தியாவோட மாற்றுத்திறனாளி அடையாள அட்டை? 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகை இருக்கு, அதுல மைக்ரேன் பேரே இல்ல. சலுகைக்கு 40 சதவீத ஊனமும் காட்டணும். கஷ்டம்தான்.

நடுநிசி: எந்த நாடு? கடிதத் தேதி? என்ன மாத்திரை, மாசம் எத்தனை நாள்?

தவிட்டுக்குருவி: மன்னிக்கணும். அமெரிக்கா, நியூஜெர்சி. எஸ்எஸ்டிஐ, அதாவது வேலை செய்ய முடியாதவங்களுக்கு அரசாங்கம் தர்ற காப்பீட்டுத் தொகை. கடிதம் வந்து மூணு வாரம். சுமாட்ரிப்டான் (டிரிப்டான் வகை மாத்திரை), மாசம் 12 நாள் இருக்கும்.

பழையகோப்பு: நாட்டைச் சொல்லாம அவசரம்னா நாங்க ஜோசியமா பார்க்கறது? எஸ்எஸ்டிஐ-யோட நோய்ப் பட்டியல்ல மைக்ரேனுக்குத் தனி இடம் கிடையாது. 2019-ல வந்த 19-4பி விதிப்படி, அந்தப் பட்டியல்ல வலிப்புக்கான 11.02-ஓட ஒப்பிடுவாங்க. மருந்தை ஒழுங்கா எடுத்தும் வாரம் ஒரு அட்டாக்காவது, தொடர்ந்து மூணு மாசம் வந்திருக்கணும். இல்லேன்னா ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு, கூடவே கவனம் மாதிரி ஏதாவது ஒண்ணுல கடும் முடக்கம்.

குப்பைமேனி: சீஸ் நிறுத்திப் பாருங்க. மெக்னீசியமும்.

பழையகோப்பு: சமையல் குறிப்புக்கு வேற இழை இருக்கு.

நடுநிசி: எம்ஆர்ஐ நார்மல் உங்களுக்குச் சாதகம். வேற நோய் இல்லேன்னு காட்டினாத்தான் இதையே தனி நோயா ஏத்துப்பாங்க. இடிக்கிறது அந்த 12 நாள். டிரிப்டான் மாசம் 10 நாளைத் தாண்டினா மாத்திரையாலயே தலைவலி வரலாம், அதைக் கேப்பாங்க. நியூரோகிட்ட பேசி, தடுப்பு மருந்து எதெது போட்டு ஏன் பலிக்கலேன்னு எழுதி வாங்குங்க. வலி வர்றப்ப நீங்க பார்த்ததையும் எழுதலாம். "வலி அதிகம்"னா பிரயோஜனமில்ல. "காலை 5:40, வலது கண்ணுக்குப் பின்னாடி, மூணு தடவை வாந்தி, 6:10-க்கு 100 மி.கி., சாயங்காலம் 4-க்குத்தான் எழுந்தா" இப்படி.

மோர்மிளகாய்: வக்கீல் வைங்க. ஜெயிச்சாத்தான் காசு. ஜெயிச்சா சேர்த்து வர்ற பழைய மாசங்களோட நிலுவைல 25 சதவீதம், 2024-ல உச்சம் 9,200 டாலர்னு வெச்சாங்க.

பழையகோப்பு: மறுபரிசீலனைக்கே வக்கீலா? நீதிபதி விசாரணைக்குப் போறப்ப பார்த்துக்கலாம்.

மோர்மிளகாய்: விசாரணை வரைக்கும் கோப்பு ஓட்டையாவே போகட்டுமா? டாக்டர் குறிப்பை இப்பவே சேர்க்கணும். அட்டாக் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம், மாசம் எத்தனை நாள் வேலைக்கு வர முடியாதுன்னு.

பழையகோப்பு: அதுக்கு வக்கீல் எதுக்கு? டாக்டர் போதும்.

நடுநிசி: சண்டைய அப்புறம் போடுங்க. தம்பி, கடிதம் கிடைச்சதுலேர்ந்து 60 நாள்தான். தேதிலேர்ந்து அஞ்சாம் நாள் கிடைச்சதா கணக்கு. மறுபரிசீலனை கேக்கற 561, நோய் விவரத்துக்கு 3441, மருத்துவப் பதிவு எடுக்க அனுமதி தர்ற 827, மூணு படிவமும் சேர்த்து அனுப்புங்க. உங்க மனைவி வேலையை விட்டு எத்தனை வருஷம்? வேலை செஞ்சு வரி கட்டினதுக்குக் கிடைக்கிற கிரெடிட் பொதுவா 40, அதுல 20 முடங்கறதுக்கு முந்தின 10 வருஷத்துல இருக்கணும்; வயசு குறைவுன்னா கம்மியே போதும். தேவையான அளவு இல்லேன்னா மத்ததெல்லாம் வீண்.

தவிட்டுக்குருவி: 561 போட்டாச்சு. டைரி ஆரம்பிச்சுட்டா. நன்றி.

நடுநிசி: வேலையை விட்டு எத்தனை வருஷம்னு கேட்டேனே?