வங்கி மதிப்பீடு குறைந்ததால் வீட்டுக்கடனில் பற்றாக்குறை: வழி சொல்லுங்கள்

முதல் வீடு. பேசிய விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி மதிப்பீட்டாளர் 90 என்றுதான் எழுதியிருக்கிறார். கடன், அந்த மதிப்பீட்டில் 80 சதவீதம், அதாவது 72. கையிலிருந்து 20 போட்டால் போதும் என்று சேர்த்தோம், இப்போது 28 வேண்டும். பதிவுச் செலவுக்கான பணம் தனியாக இருக்கிறது, அதில் கை வைக்க முடியாது. மூன்று மாதக் குடும்பச் செலவுக்கு வைத்திருப்பதையும் தொட மாட்டோம்.

மதிப்பு குறைந்த காரணம் அறிக்கையிலேயே இருக்கிறது. பால்கனியை அடைத்து அறையாக்கியிருக்கிறார்கள், அனுமதி வரைபடத்தில் அது இல்லை. அந்தப் பரப்பைக் கணக்கில் சேர்க்கவில்லை.

இதுவரை செய்தது: விற்பவர் 2 குறைத்தார், இன்னும் 6 உதைக்கிறது. வேறொரு வங்கியிலும் அதே 90தான். தவணைக் காலத்தை நீட்டிப் பயனில்லை, தடையாக இருப்பது சம்பளம் அல்ல, மதிப்பீடு. தனிநபர் கடன் எடுத்தால் மாதத் தவணைகள் சம்பளத்தில் 38 சதவீதத்திலிருந்து 47 ஆகும். வங்கி வரம்பு 45, வீட்டுக்கடனே குறைந்துவிடும். வரைபடத்தைத் திருத்தி மறுமதிப்பீடு கேட்க நேரமில்லை, ஒப்பந்தக் கெடு 18 நாளில் முடிகிறது. தவறினால் முன்பணம் போய்விடும்.

மீதி 6 பங்கைப் பதிவுக்குப் பிறகு 12 தவணையாக வாங்கிக்கொள்ள விற்பவர் சம்மதிக்கிறார். வங்கியிடம் மறைக்க விருப்பமில்லை. இதை ஒப்பந்தத்தில் எப்படி எழுதினால் வங்கி ஏற்றுக்கொண்டு கடனை விடுவிக்கும்?