அத்தையைப் பற்றி ஒரு கட்டுரை

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மூன்று நாள் ஓடிய பேச்சு இது. பேசியவர்களிடமும் அத்தையிடமும் கேட்டுவிட்டுத்தான் வெளியே தருகிறேன். அத்தை வேண்டாம் என்ற இடங்கள் இதில் இல்லை.

வெள்ளிக்கிழமை

பாம்பன் சித்தி: தம்பி, இணைய இதழில் வந்த உன் கட்டுரையைத் தெருப்பிள்ளை ஒன்று போனில் பார்த்துச் சத்தமாகப் படித்தது. கடற்பாசி காயப்போடும் இடத்தில், எல்லோர் முன்னாலும். மதினியும், அதுதான் உன் அத்தையும், அங்கேதான் இருந்தார்கள்.

தம்பி: அப்படியா சித்தி! அத்தை என்ன சொன்னார்கள்? சந்தோஷப்பட்டார்களா?

பாம்பன் சித்தி: ஒன்றும் சொல்லவில்லை. பாசியைக் கிளறிக்கொண்டே இருந்தார்கள். பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள். அமாவாசையை ஒட்டித் தண்ணீர் நன்றாக வற்றியிருக்கும் நாள் இது, யாரும் வீட்டில் இருக்க மாட்டோம். இன்று அவர்கள் கடலுக்கு வரவில்லை. வல்லத்தில் ஏறி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நாங்கள் கிளம்பிவிட்டோம்.

தம்பி: நான் பெயரே போடவில்லையே சித்தி. வேறு பெயர்தான் வைத்தேன். ஊர்ப் பெயர்கூட இல்லை.

பாம்பன் சித்தி: விரலில் துணி சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறவர்கள் எத்தனையோ பேர். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாமல், தாலியை அடகு வைத்துப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, மூன்றாம் மாதமே கடலில் இறங்கியவர் எங்கள் தெருவில் ஒருவர்தான். சத்தமாகப் படித்த அந்தப் பிள்ளைக்கே இரண்டாவது பத்தியில் தெரிந்துவிட்டது.

நான்: தம்பி, பெயரை மாற்றினால் போதும் என்று நீ மட்டும் நினைக்கவில்லை, எழுதுகிற நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஆனால் இதைப் பற்றி நம்மவர்கள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். "மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்" என்பது தொல்காப்பியம். வீட்டுக்குள் நடக்கும் அன்பும் பிரிவும் பாட்டாகலாம், அது இன்னார் வீட்டில் நடந்தது என்று சுட்டக் கூடாது. நெடுநல்வாடை என்ற சங்கப் பாட்டைப் பார். யார் பெயரும் கிடையாது. ஆனால் பாசறையில் ஒரு வேலின் தலையில் வேம்பு கட்டியிருப்பதாக ஒரு வரி வருகிறது. வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு வரியில் ஆள் தெரிந்துவிடுவதால் இது அகம் இல்லை, புறம் என்றார் உரையாசிரியர் நச்சினார்க்கினியர். உன் கட்டுரையிலும் பெயர் இல்லை, வேம்பு இருக்கிறது.

தம்பி: அக்கா, நான் ஒன்றும் பொய் எழுதவில்லையே. இழிவாகவும் எழுதவில்லை. அத்தையைப் பெருமையாகத்தான் எழுதினேன். படித்தவர்கள் எல்லாம் அழுதோம் என்று எழுதியிருக்கிறார்கள்.

வக்கீல் மாமா: மாப்பிள்ளை, இப்போதுதான் கோர்ட்டிலிருந்து வந்து எல்லாவற்றையும் படித்தேன். 1994-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கு நம் மாநிலத்து வழக்குதான். மரண தண்டனைக் கைதி ஒருவரின் வாழ்க்கைக் கதையை ஒரு பத்திரிகை வெளியிடலாமா என்பது கேள்வி. பொது ஆவணங்களில் இருப்பதை வெளியிடலாம் என்றது நீதிமன்றம். ஆனால் ஒருவருடைய குடும்பம், திருமணம், தாய்மை, படிப்பு போன்றவற்றை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது. அது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பதெல்லாம் பொருட்டில்லை. நீ சொல்கிற இரண்டு காரணத்துக்கும் அங்கேயே பதில் இருக்கிறது.

வக்கீல் மாமா: அவதூறுச் சட்டத்திலும் உண்மை என்பது மட்டும் போதாது, அதை வெளியிடுவதில் பொது நன்மையும் இருக்க வேண்டும். பழைய 499-ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து புதுச் சட்டத்தில் 356. அத்தை வழக்குப் போடப் போவதில்லை, அது எனக்கும் தெரியும். கேட்க வராதவர்களைப் பற்றி எழுதும்போதுதான் நீ கூடுதலாக யோசித்திருக்க வேண்டும்.

பாம்பன் சித்தி: இன்னொன்றும் இருக்கிறது. எந்தத் தீவுக்குப் பக்கத்தில் எடுத்தார்கள் என்று தீவின் பெயரையும் எழுதியிருக்கிறாய்.

நான்: அது எனக்குத் தோன்றவே இல்லை! 1986-இலேயே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். அங்கே பாசி எடுக்க அனுமதி கிடையாது. தம்பி, நீ அழகுக்காகச் சேர்த்த வரி, நாளைக்கு அத்தைக்கும் கூடப் போன பெண்களுக்கும் எதிராகச் சாட்சி சொல்லும். அதை மட்டும் இன்று இரவே எடுக்கச் சொல்.

தம்பி: இப்போதே ஆசிரியரைக் கூப்பிடுகிறேன்.

தம்பி: எடுத்துவிட்டார்கள். கட்டுரையையே இப்போதைக்கு மறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை

மண்டபம் பெரியப்பா (குரல் பதிவு, எழுத்தில் தருகிறேன்): எல்லாரும் பேசியதைக் கேட்டேன். நான் ஒன்று சொல்கிறேன். 1964 டிசம்பர் 22 ராத்திரி எனக்கு ஏழு வயது. பாம்பனிலிருந்து போன ரயிலைத் தனுஷ்கோடி போய்ச் சேருவதற்குள் கடல் கொண்டுபோய்விட்டது. ரயிலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள் என்கிறார்கள். எண்ணிக்கை இருக்கிறது, சரி. அவர்கள் யார் யார், எதற்காகப் போனார்கள்? தேவாலயத்துச் சுவரும் ரயில்வே தண்ணீர்த் தொட்டியும் இன்னும் நிற்கின்றன, வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தத் தெருவில் என் சின்னம்மா ஒருத்தி வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் எப்படிச் சிரிப்பாள் என்று சொல்ல இனி நான் ஒருவன்தான் இருக்கிறேன். நம்மைப் போன்றவர்களைப் பற்றி யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் பையனை எழுதாதே என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

நான்: எழுதாதே என்று சொல்லவில்லை பெரியப்பா. நீங்கள் சொல்வது எனக்கு மனதை என்னவோ செய்கிறது. உங்கள் சின்னம்மாவிடம் இனிக் கேட்க முடியாது, அவர்களைப் பற்றி நீங்கள் சொல்லச் சொல்ல நானே எழுதுகிறேன். அத்தை இருக்கிறார்களே. தம்பி மதுரையிலிருந்து ரயில் ஏறினால் பாம்பனில் இறங்கலாம்.

மண்டபம் பெரியப்பா: அதுவும் நியாயம்தான்.

தம்பி: நாளைக் காலை ரயிலில் வருகிறேன். சித்தி, அத்தையிடம் முன்னாலேயே சொல்ல வேண்டாம்.

பாம்பன் சித்தி: சொல்லத்தான் வேண்டும். வருவதையாவது கேட்டுவிட்டு வா.

தம்பி: சரி சித்தி. சொல்லிவிடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை

தம்பி: அத்தை வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். முழுக் கட்டுரையையும் படித்துக் காட்டினேன். தீவின் பெயர் இருந்த வரியையும் விடவில்லை. முதலில் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "போன சித்திரையில் நீ வந்தபோது சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். என் மருமகன் கேட்கிறான் என்று சொன்னேன். இதழில் போடுவதற்கு என்று நீ சொல்லவில்லையே" என்றார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டேன்.

தம்பி: தாலியை அடகு வைத்ததைத்தான் எடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்தேன். "அது இருக்கட்டும். அடகு வைக்காத வீடு இந்தத் தெருவில் எது? அதில் எனக்கு வெட்கம் இல்லை" என்றார்கள். ஆனால் மூன்றாம் மாதம் என்பது தவறாம், நாற்பதாம் நாளே இறங்கிவிட்டார்களாம். நான் எல்லோரிடமும் கேட்டு எழுதியதாக நினைத்த விவரமே தப்பு. அப்புறம், தண்ணீருக்குள் முக்குளித்தபோது அழுதார் என்று எழுதியிருந்தேன். "நீ பார்த்தாயா? நான் அன்றைக்கு அழவில்லை. மூச்சைப் பிடிப்பதா, அழுவதா?" என்று கேட்டார்கள். அந்த வரிக்குத்தான் அதிகம் பேர் பாராட்டியிருந்தார்கள் அக்கா. அது நானாகச் சேர்த்தது.

நான்: நேராகச் சொன்னாயே, அது நல்லது. அந்த வரி போகட்டும்.

மண்டபம் பெரியப்பா: என் தங்கை சொன்னதை அவள் சொன்னபடியே எழுது. நாற்பதாம் நாள் என்பதே போதும்.

தம்பி: ஒரு பத்திக்கு மட்டும் சம்மதிக்கவில்லை. மகளைப் பற்றிய பத்தி. "அதை நான் உன்னிடம் சொல்லியிருக்கவே கூடாது. என்னைப் பற்றி என்றால் நான் சரி என்று சொல்லலாம். அது அவளுடையது, அவளைக் கேள்" என்கிறார்கள்.

வக்கீல் மாமா: சட்டம் படித்த நானே அந்தப் பத்தியைப் படித்துவிட்டு அத்தை சம்மதித்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

தம்பி: அவள் திருப்பூர் நம்பர் யாரிடம் இருக்கிறது?

பாம்பன் சித்தி: தனியாக அனுப்புகிறேன், குழுவில் போடவில்லை. இரவு எட்டு மணிக்கு மேல் கூப்பிடு, அதுவரை வேலை. "அம்மாவிடம் கேட்டுவிட்டேன்" என்று சொல்லி ஆரம்பிக்காதே, அவளால் அப்புறம் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

தம்பி: சரி சித்தி.

பாம்பன் சித்தி: மதினி முக்குளிக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். நாளைக்குக் கடலுக்கு வருகிறார்களாம்.