முகப்பு முதல் பின்வாசல் வரை ஒரே படம்: டார்க் ரூமா, போட்டோஷாப்பா?

முகப்புத்திண்ணை:
காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் எடுக்க வேண்டும். தலைவாசலில் ட்ரைபாட். முகப்பு, வளவு (முற்றமுள்ள கட்டு), ரெண்டாங்கட்டு தாண்டிப் பின்வாசல் வரை ஒரே நேர்கோடு. காலை ஒன்பது மணி வெளிச்சத்தில் ஸ்பாட் மீட்டர் (ஒரு சிறு இடத்தின் ஒளியை மட்டும் அளக்கும் கருவி, ஐஎஸ்ஓ 100) காட்டுவது: முற்றத்துச் சுண்ணாம்புச் சுவர் ஈவி (ஒளி அளவெண்) 14, தூண் நிழல் 10, உள்ளறைக் கதவு 7. ஏழு ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு அல்லது பாதி). பிலிமில் எடுத்து பிரிண்ட் போடுவதா, டிஜிட்டலில் எடுத்துத் திருத்துவதா? காரணத்தோடு சொல்லுங்கள்.

ஹைப்போ வாசம்:
பிலிம். கதவுச் செதுக்கல் தெரிய வேண்டுமென்றால் அந்த 7-ஐ சோன் மூன்றில் வையுங்கள் (சோன் என்பது கறுப்பு 0 முதல் வெள்ளை 10 வரையிலான சாயல் படி; மீட்டர் எதையும் நடுச்சாம்பலான ஐந்தில் வைக்கும்). அதாவது மீட்டர் சொல்வதைவிட இரண்டு ஸ்டாப் குறைத்து, ஈவி 9-க்கு எக்ஸ்போஸ் செய்யுங்கள். சுவர் சோன் பத்துக்கு ஏறிவிடும். அதை இறக்குவது டெவலப்பரின் (பிலிமில் படத்தை வெளிக்கொணரும் கரைசல்) வேலை. ஐஎஸ்ஓ 400 பிலிமை 200 என்று வைத்து எடுத்து, டெவலப் நேரத்தைக் கால் பங்கு குறைத்தால் சுவரின் காரை வரை நெகட்டிவில் நிற்கும்.

பிரிண்டில் மல்டிகிரேட் பேப்பர் (ஃபில்டரைப் பொறுத்து கான்ட்ராஸ்ட் மாறும் தாள்; 00 மிக மென்மை, 5 மிகக் கடுமை). முதலில் 00 ஃபில்டரில் சுவருக்குச் சாயல் வரும்வரை, பிறகு 5-ல் தூணுக்குக் கறுப்பு வரும்வரை. சுவரை பர்ன் செய்வது (கூடுதல் ஒளி கொடுத்துக் கறுப்பாக்குவது) 00-லேயே இருக்கட்டும். 5-ல் செய்தால் ஓட்டுச்சாய்ப்பு விளிம்பில் கரிக்கோடு விழும். டாட்ஜ் அட்டையை (ஒளியை மறைத்து அந்த இடத்தை வெளுப்பாக்கும் கம்பி அட்டை) அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், நிறுத்தினால் அட்டையின் வடிவம் பேப்பரில் பதிந்துவிடும்.

பிக்சல் செட்டி:
அண்ணே, ஏழு ஸ்டாப்புக்கா இத்தனை பாடு? இன்றைய சென்சாருக்கு ஒரே ரா ஃபைல் (சென்சார் பதிந்த முழுத் தகவல்) போதும், பிராக்கெட்டிங்கூட (வெவ்வேறு வெளிச்சத்தில் பல படம் எடுப்பது) வேண்டாம். அடிப்படை ஐஎஸ்ஓவில், சுவர் வெளுத்துப்போகும் எல்லைக்குச் சற்று முன்னால் நிறுத்தி எடுங்கள். 16 பிட்டில் திறந்து, வெளிச்ச அளவை வைத்து மாஸ்க் (மற்ற இடத்தில் திருத்தம் படாமல் மறைக்கும் திரை) போட்டு நிழலை மட்டும் தூக்குங்கள். டாட்ஜ், பர்ன் எல்லாம் இங்கேயும் உண்டு; போட்டோஷாப்பில் டாட்ஜ் கருவியின் படமே உங்கள் கம்பி அட்டைதான். அன்ஷார்ப் மாஸ்க்கும் (படத்தைக் கூர்மையாக்கும் வசதி) டார்க் ரூமிலிருந்து வந்த பெயர்.

அத்தோடு உங்கள் டெவலப் நேரம் 20 டிகிரிக்கு. சித்திரையில் எங்கள் குழாயில் 20 டிகிரியில் தண்ணீர் வருமா?

ஹைப்போ வாசம்:
வராது. அதற்கும் கணக்கு இருக்கிறது. எச்பி5 பிளஸ் பிலிமுக்கு டி-76 டெவலப்பரின் நேர்க்கரைசலில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம். 24 டிகிரியில் அது ஐந்தேகால் அளவுக்கு வரும், கால் பங்கு கழித்தால் நாலு. ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிமில் திட்டுத்திட்டாக விழும். அதனால் 1+1 (ஒரு பங்கு டெவலப்பர், ஒரு பங்கு தண்ணீர்) கலந்துகொள்ளுங்கள்: 20-ல் பதினொன்று, 24-ல் எட்டை ஒட்டி, கழித்தால் ஆறு. ஐஸை டெவலப்பருக்குள் போடாதீர்கள், நீர்த்துப்போகும். பிளாஸ்டிக் பையில் கட்டி வெளித்தட்டில் வையுங்கள். ஸ்டாப் பாத் (டெவலப்பை நிறுத்தும் கரைசல்), ஹைப்போ (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), கழுவும் தண்ணீர் எல்லாம் டெவலப்பரிலிருந்து இரண்டு மூன்று டிகிரிக்குள் நிற்க வேண்டும். மறந்தால் ஜெலட்டின் சுருங்கி வெடிப்பு விழலாம்.

ஆத்தங்குடிக்கல்:
இரண்டு பேரும் சுவரையே பார்க்கிறீர்கள். தரையை யாரும் பார்க்கவில்லையே? கல்லில் செங்காவிப் பூ, பச்சை இலை. ஃபில்டர் இல்லாமல் கறுப்பு வெள்ளைப் பிலிமில் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பலாகி, கோலமே அழிந்துபோகும். பச்சை ஃபில்டர் (எண் 11) போட்டால் பூ கறுத்து இலை வெளுக்கும், அதற்கு இரண்டு ஸ்டாப் கூடுதல் ஒளி வேண்டும். சிவப்பு (எண் 25) நேர்மாறு, மூன்று ஸ்டாப். எடுக்கும்போதே முடிவுசெய்ய வேண்டும், என்லார்ஜரில் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) திருத்த வழியில்லை.

தரைப் பளபளப்பு இன்னொரு சிக்கல். அதற்குப் போலரைசர் (பளபளப்பை வெட்டும் லென்ஸ் ஃபில்டர்) ஒன்றே மருந்து, டார்க் ரூமும் கம்ப்யூட்டரும் உதவாது. தரையை ஏறக்குறைய 35 டிகிரியில் பார்க்கும் இடத்தில்தான் முழுதாக வெட்டும். காமிரா ஐந்தடி உயரம் என்றால், ஏழடி தள்ளி இருக்கிற கல். அதற்கு அப்பால் போகப்போகப் பளபளப்பு மிச்சமிருக்கும்.

பிக்சல் செட்டி:
அதைத்தான் சொல்ல வந்தேன். ரா ஃபைலில் சிவப்பைக் குறை, பச்சையைக் கூட்டு, கோலம் வந்துவிடும். பச்சை ஃபில்டரோ பர்மா தேக்குத் தூணையும் சேர்த்துக் கறுப்பாக்கும், செம்பழுப்பு மரமாயிற்றே. இங்கே தரைக்கு மட்டும் மாஸ்க் போட்டுக்கொள்ளலாம்.

ஹைப்போ வாசம்:
தேக்கு விஷயம் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஸ்லைடரை முழுக்கத் தள்ளினால் பூவிளிம்பில் வெள்ளைக்கோடு, நிழலில் பொரிப்பொரியாக நாய்ஸ். ஜேபெக்காக இருந்தால் கட்டம் கட்டமாகவே உடையும். நிழலை ஒரேயடியாகத் தூக்கிய படத்தில் தூணைச் சுற்றி ஒளிவட்டம் நிற்பதையும் நாள்தோறும் பார்க்கிறோம். தூணா, முனீஸ்வரனா?

பிக்சல் செட்டி:
அது கருவியின் குற்றமில்லை அண்ணே, கையின் குற்றம். மாஸ்க் விளிம்பை மென்மையாக்கி, பாதி அளவு தூக்கினால் வராது. பிரிண்ட் கறுத்து வருவதற்கும் முக்காலும் மானிட்டர்தான் காரணம். 100 கேண்டெலா அளவுக்கு வெளிச்சத்தை இறக்கி வைத்துப் பாருங்கள்.

ஹைப்போ வாசம்:
ஃபைபர் பேப்பரும் காய்ந்தால் கறுக்கும். ஈரத்தில் சரியாகத் தெரிந்த பிரிண்டுக்கு எக்ஸ்போஷரில் ஐந்து முதல் பத்து சதம் குறைக்க வேண்டும். ஆகவே இதில் யாரும் யாரையும் சொல்ல முடியாது.

முகப்புத்திண்ணை:
பச்சை, போலரைசர் இரண்டையும் போட்டால் எத்தனை விநாடி? பிலிமில் எடுத்து ஸ்கேன் செய்தால் இரண்டு பக்க நன்மையும் கிடைக்குமா?

ஹைப்போ வாசம்:
எஃப் 11, ஐஎஸ்ஓ 200, ஈவி 9 என்றால் 1/8 விநாடி. போலரைசருக்கு இரண்டு ஸ்டாப், பச்சைக்கு இரண்டு: 2 விநாடி. ஒரு விநாடி தாண்டினால் பிலிம் சோம்பும் (ஒளியை உணர்வது குறையும்), இரண்டரை கொடுங்கள். ஹைப்போ பழையதா என்று முதலில் பாருங்கள்: பிலிம் துண்டு ஒன்றைப் போட்டு, தெளிய எடுக்கும் நேரம் புதுக் கரைசலைப்போல் இரண்டு மடங்கானால் மாற்றிவிடுங்கள். பழசை ஊருணிப் பக்கம் கொட்ட வேண்டாம், வெள்ளி கரைந்திருக்கிறது.

பிக்சல் செட்டி:
ஸ்கேன் செய்யலாம், ஆனால் ஒன்று. ஸ்கேனரின் தூசி நீக்கும் வசதி அகச்சிவப்புக் கதிரை வைத்து இயங்குகிறது. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் இருக்கும் வெள்ளியே அந்தக் கதிரை மறைப்பதால் படத்தையே தூசி என்று நினைத்துக் குதறிவிடும். அணைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியையும் கையால்தான் எடுக்க வேண்டும்.

ஹைப்போ வாசம்:
ஆக, கடைசியில் எங்கள் டச்சிங் பிரஷ்ஷுக்கே வந்து நிற்கிறீர்கள்!

பிக்சல் செட்டி:
எங்கள் பிரஷ்ஷில் அன்டூ உண்டு அண்ணே.

ஹைப்போ வாசம்:
இருக்கட்டும். தூசியே விழாமல் பார்த்தால் அன்டூ எதற்கு? குளியலறையில் ஐந்து நிமிடம் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி அடங்கிய பிறகு நெகட்டிவைத் தொங்கவிடுங்கள். ஆவியோடு தூசியும் தரையில் படிந்திருக்கும். போர்வெல் தண்ணீரில் உப்புப் படியும், கடைசி அலசலுக்கு டிஸ்டில்டு வாட்டரில் வெட்டிங் ஏஜென்ட் (தண்ணீர் துளியாக நிற்காமல் வழியச் செய்யும் திரவம்) இரண்டு மூன்று சொட்டு. கதவைச் சாத்துங்கள். ஃபேனைப் போடாதீர்கள்.