ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

நளினி:
ஒரு கேக் குறிப்பில் மைதா 2 கப், அதாவது 240 கிராம் என்று இருக்கிறது. இன்னொன்றில் அதே 2 கப்புக்கு 300 கிராம். இரண்டிலும் கப் 240 மில்லிதான். எதை நம்பி அடுப்பில் வைப்பது?

பேக்கரி ரவி:
இரண்டுமே உண்மையாக இருக்கலாம். மைதாவைச் சலித்து, கரண்டியால் கப்பில் போட்டுத் தலைதட்டினால் 120 கிராம் வாக்கில் நிற்கும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அழுத்தி அள்ளினால் 150 வரை போகும். இரண்டு கப்புக்கு 60 கிராம் வித்தியாசம். கேக் வறண்டு மேலே வெடிக்க அது போதும். கப்பும் ஒன்றல்ல: ஆஸ்திரேலியாவில் 250 மில்லி, ரைஸ் குக்கரோடு வரும் கப் 180. ஒரு தராசு வாங்கிவிடுங்கள், இந்தக் குழப்பமே இருக்காது.

ஆழாக்கு சுந்தரம்:
தம்பி, எல்லாவற்றுக்கும் தராசு என்பதை ஏற்க மாட்டேன். நம் வீடுகளில் படி, உழக்கு, ஆழாக்கு என்று முகந்துதான் சமைத்தார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. இட்லிக்கு நாலுக்கு ஒன்று. எந்த டம்ளரானாலும் அதே டம்ளரில் அரிசியும் உளுந்தும் எடுத்தால் மாவு பொங்கி வருகிறது. விகிதம் தெரிந்தவருக்கு கிராம் எதற்கு?

பேக்கரி ரவி:
இட்லிக்குச் சரி ஐயா. ஆனால் அது ஏன் சரியாக வருகிறது? இட்லி அரிசியும் உருட்டு உளுந்தும் 240 மில்லி கப்பில் 200 கிராமை ஒட்டியே நிற்கும். அதனால் முகந்தாலும் நிறுத்தாலும் நாலுக்கு ஒன்றுதான். மாவாக அரைத்ததும் அந்தக் கணக்கு போய்விடும். மில்லிலிருந்து உதிரியாக வந்த அரிசி மாவும், டப்பாவில் ஒரு வாரம் அமுங்கிக் கிடந்த மாவும் ஒரே கப்பில் ஒரே எடை வராது.

ஆழாக்கு சுந்தரம்:
வரவேண்டாமே! முறுக்கு மாவுக்குத் தண்ணீரை யார் அளந்து ஊற்றுகிறார்கள்? கைப்பதம் பார்த்துத் தெளிக்கிறோம். மாவு கூடியிருந்தால் இன்னும் ஒரு கை தண்ணீர் இழுக்கும். சோற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். புது அரிசியும் பழைய அரிசியும் தராசில் ஒரே எடைதான். உலையில் பழைய அரிசி கூடுதலாகத் தண்ணீர் கேட்கும். அதைச் சொல்ல எந்தத் தராசு இருக்கிறது?

பாத்திமா:
சுந்தரம் ஐயா சொல்லும் கைப்பதம் கேக்கில் நடக்காது. அடுப்புக்குள் போனபின் திருத்த முடியாது. ஆனால் ரவி அண்ணா, சின்ன அளவுக்குத் தராசு உதவாது. அரை தேக்கரண்டி ஈஸ்ட் ஒன்றரை கிராம்தான். வீட்டுத் தராசு கிராம் கிராமாகத்தான் காட்டும். அது 1 என்றும் சொல்லும், 2 என்றும் சொல்லும். ஈஸ்ட், சோடா எல்லாம் கரண்டியில் அளப்பதே மேல். உப்பு மட்டும் கவனம்: கல் உப்பில் இடைவெளி அதிகம், அதே கரண்டியில் தூள் உப்பு கூடுதல் எடை வரும். ஊறுகாய் போடும்போது நான் உப்பை நிறுத்துத்தான் போடுகிறேன்.

நளினி:
அப்போ நெய்? 240 மில்லி கப் என்றால் 240 கிராம் என்று வைத்துக்கொள்ளலாமா?

பேக்கரி ரவி:
கூடாது. மில்லியும் கிராமும் ஒன்றாக இருப்பது தண்ணீருக்குத்தான். பால் அதற்குப் பக்கத்தில் வரும். எண்ணெய் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டர், 910 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். நெய்யும் ஏறக்குறைய அதே கனம், ஒரு கப் 218 கிராம் வரும். தேன் நேர்மாறு, ஒரு கப் 340 கிராம். சர்க்கரை 200. இணையத்தில் பல அட்டவணைகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைப் போட்டு ஆளைக் கெடுக்கின்றன. பாத்திமா சொன்னதும் சரி, 5 கிராமுக்குக் கீழே எனக்கும் கரண்டிதான்.
உங்கள் கேக்குக்கு: குறிப்பில் கிராம் இருந்தால் கப்பை மறந்து கிராமையே எடுங்கள். 300 என்று எழுதியவர் அந்த 300-க்கு ஏற்றபடிதான் பாலும் முட்டையும் சொல்லியிருப்பார். ஒன்றின் மைதாவையும் மற்றதின் பாலையும் கலக்காதீர்கள்.

ஆழாக்கு சுந்தரம்:
அது நியாயம். ஆனால் வெறும் கிராமை மட்டும் எழுதுகிற பழக்கத்தையும் எதிர்க்கிறேன். தராசு இல்லாத வீடுகளே அதிகம். கிராமோடு கப்பும், கப் எத்தனை மில்லி என்பதும், தலைதட்டியா குவித்தா என்பதும் எழுதுங்கள். அந்த ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

பேக்கரி ரவி:
எழுதலாம் ஐயா. மைதாவுக்கு மட்டும் அந்த வரியையும் நான் நம்ப மாட்டேன்.