'கேட்டஸ்ட்ராபிக்' பழுதுக்குப் 'பேரழிவு' பொருந்துமா?

அனைவருக்கும் வணக்கம். பொறியியலில் வரும் ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இங்கே ஒருவர் தந்திருந்த தமிழ் இது:

> கேட்டஸ்ட்ராபிக் ஃபெயிலியர் = பேரழிவுத் தோல்வி

ஐயா, இந்த இரண்டு சொல்லுமே எனக்கு ஒட்டவில்லை. தோல்வி என்பது தேர்தலிலும் ஆட்டத்திலும் வருவது. இயந்திரத்துக்குப் பழுது போதும். அது சின்ன விஷயம். சிக்கல் 'பேரழிவு'தான். 1903 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்து வாணியம்பாடிக்குள் புகுந்ததே, அது பேரழிவு. அங்கே பேச்சு, எத்தனை உயிர், எத்தனை வீடு என்பது. பொறியாளர் இந்த ஆங்கிலச் சொல்லைப் போடும்போது பழுது வந்த விதத்தையும் சேர்த்துச் சொல்கிறார்: திடீரென்று, முழுசாக, மீட்க வழியில்லாமல். பத்து ரூபாய் போல்ட்டும் அப்படிப் போகலாம். மூலமான கிரேக்கச் சொல்லுக்கும் கவிழ்த்தல் என்றுதான் பொருள். பெரிசு, சிறிசு என்ற கணக்கே அதில் இல்லை.

நான் இராணிப்பேட்டைப் பக்கம் பாய்லர் வேலையில் இருப்பவன். குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் 'உஸ்' என்று ஆவி சீறும். சத்தம் கேட்டதும் நிறுத்தி, குழாயை மாற்றி மறுபடி ஓட்டலாம். அதே குழாய் சூட்டில் மெலிந்து வெடித்தால், கிழிந்த இடம் வாய் பிளந்த மீன் போலவே இருக்கும். அதற்கு முன் எச்சரிக்கைச் சத்தம் எதுவும் வராது. அழுத்தக் கலன்களை வடிவமைக்கும்போதே 'உடைவதற்கு முன் கசியட்டும்' என்று பார்த்துச் செய்வது அதனால்தான்.

இந்த வித்தியாசம் நம் ஏரிக்கரைப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. எங்கள் அப்பா காவேரிப்பாக்கம் ஏரிப் பாசனத்தில் பயிர் வைத்தவர். நண்டு வளை வழியாகத் தண்ணீர் ஊறினால் 'கசிவு' என்பார். நாலு கூடை மண்ணில் அடங்கிவிடும். ஏரி நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து 'கோடி போனால்' சந்தோஷம்தான். 'உடைப்பெடுத்துடுச்சு' என்று குரல் கேட்டால் மட்டும் யாரும் மண்வெட்டியைத் தேட மாட்டார்கள், மாட்டை அவிழ்ப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: உடைப்புப் பழுது. மெல்ல மெல்ல வருவதற்குத் தேய்வுப் பழுது.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். செயற்கை நுண்ணறிவில் வரும் நரம்பு வலைப்பின்னல் புதுப்பாடம் படித்ததும் பழையதை இழப்பதற்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழிதான். அங்கே 'உடைப்பு மறதி' என்றால் சிரிப்பார்கள். 'அடியோடு மறத்தல்' சரியாக இருக்கும். அப்புறம், ரிப்போர்ட் இரண்டு நாள் தாமதமானதற்கும் ஆபீஸ் மெயிலில் இதே சொல்லைப் போடுகிறார்களே, அதற்குப் புதுச்சொல் தேவையில்லை. சொதப்பல் இருக்கிறது.