அண்டர்பேடில் முதல் முறை இறங்குகிறது, அடுத்த முறை மேலேயே ஓடுகிறது: கோளாறு துணியிலா, ஜெல்லிலா?

திருமங்கலம்_குழு:
வணக்கம். திருமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் மகளிர் குழு நாப்கின் போடுகிறது. இப்போது படுக்கையிலேயே இருக்கும் பெரியவர்களுக்குக் கீழே விரிக்கிற, சிறுநீரை உறிஞ்சும் அண்டர்பேடும் செய்கிறோம். மேலே 18 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 18 கிராம்) வெள்ளை நான்-ஓவன், அதாவது நெய்யாத பிளாஸ்டிக் இழைத் துணி, நடுவில் பல்ப் என்கிற மரக்கூழும் ஈரத்தை வாங்கி ஊதும் ஜெல் பவுடரும், அடியில் பிளாஸ்டிக் ஷீட். மதுரையில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுக்கிறோம். முதல் முறை சிறுநீர் சட்டென்று இறங்குகிறதாம். அடுத்த முறை மேலேயே ஓடி முதுகுப் பக்கம் போய்விடுகிறது என்று அங்கே பார்த்துக்கொள்ளும் அக்கா சொல்கிறார். அசைய முடியாதவர்களுக்கு ஈரம் தங்கினால் தோல் ஊறிப் புண்ணாகும், அதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. ரோல் கொடுத்தவரோ, "ஹைட்ரோஃபிலிக் சரக்குதான், நீரை ஏற்கும், தண்ணீர் விட்டுப் பாருங்கள்" என்கிறார். விட்டால் இறங்கத்தான் செய்கிறது. துணியை மாற்றுவதா, ஜெல்லைக் கூட்டுவதா? ஜெல் விற்கிற விலைக்கு யோசிக்காமல் கூட்ட முடியாது.

ராஜபாளையம்_பஞ்சு:
பிளாஸ்டிக் துணியே எதற்கு? எங்கள் பக்கம் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை மேலே போடுங்கள். பருத்தி நன்றாக உறிஞ்சும்.

கப்பலூர்_ஆபரேட்டர்:
பருத்தி உறிஞ்சும், ஆனால் உறிஞ்சியதைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். தோலை ஒட்டிய துணி எந்நேரமும் நனைந்தே கிடக்கும். மேல் துணியின் வேலை நீரைக் கீழே விடுவதுதான், தேக்குவது இல்லை. பாலிப்ரொப்பிலீன் இழை தனக்குள் ஈரம் வாங்காது, அதனால்தான் எல்லோரும் அதைப் போடுகிறார்கள்.

அக்கா, நான் இந்த நான்-ஓவன் துணி செய்கிற ஸ்பன்பாண்ட் லைனில் பல வருஷம் வேலை பார்த்தவன். மிஷினிலிருந்து வரும் துணியில் தண்ணீர் விட்டால் தாமரை இலைபோல உருண்டு நிற்கும். கடைப் பை தைக்கப் போவதும் அதே துணிதான். அதைச் சர்ஃபேக்டன்ட் என்கிற சோப்பு மாதிரியான மருந்து கலந்த தண்ணீரில் பாதி முங்கிய ரோலர் மேல் ஓட்டி, காயவைத்துச் சுற்றினால் ஹைட்ரோஃபிலிக். ஏறும் மருந்து துணி எடையில் ஒரு சதவீதம்கூட இருக்காது. சாதாரண மருந்து என்றால் முதல் முறை இறங்கும் சிறுநீரோடு அதுவும் கழுவிப் போய்விடும். அப்புறம் அந்த இடம் பழையபடி பைத்துணிதான். கழுவிப் போன மருந்து கீழே இருக்கும் நீரிலும் கலப்பதால், அழுத்தினால் ஈரம் மேலே திரும்பி வருவதும் கூடும். அதனால் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் காட்டுவதை நான் சோதனையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன்.

ஆனால் ஜெல் மேலும் சந்தேகம் உண்டு. பவுடர் ஒரே இடத்தில் குவிந்திருந்தால் முதல் ஈரத்திலேயே ஊதி, வழியை அடைத்துவிடும். கூட்டினால் இன்னும் மோசம். இரண்டில் எது என்று வீட்டிலேயே பிரித்துப் பார்க்கலாம். ஒரு லிட்டர் கேன் தண்ணீரில் 9 கிராம் உப்புப் போடுங்கள், லேபிலும் சிறுநீருக்குப் பதில் இதுதான். போர் தண்ணீர் வேண்டாம், நம் ஊர் போரில் ஏற்கெனவே உப்பு. டிஷ்யூ பேப்பரைப் பல மடிப்பாக வைத்து, அதன்மேல் துணியை மட்டும் விரித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் 5 மில்லி விடுங்கள். துணியைக் காயவிடாமல், அடியில் பேப்பரை மட்டும் மாற்றி, அதே இடத்தில் மறுபடி, மறுபடி. ஒவ்வொரு முறையும் இறங்கும் நேரத்தைப் போனில் பாருங்கள். கடைசிவரை ஒரே வேகம் என்றால் துணி நல்லது, ஜெல்லைப் பரப்பிப் போடுங்கள். நேரம் ஏறிக்கொண்டே போனால் துணிதான்.

திருமங்கலம்_குழு:
செய்து பார்த்தோம் அண்ணே. முதல் முறை இறங்கியது கண்ணுக்கே தெரியவில்லை. அடுத்தது தயங்கித் தயங்கி இறங்கியது. அதற்கடுத்தது முத்துப்போல அப்படியே நின்றது, விரலால் தள்ளினால் ஓடுகிறது. குழுவில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். ஜெல் பாவம், அதன் மேல் தப்பே இல்லை. இப்போது எந்தத் துணி என்று கேட்டு வாங்குவது?

கப்பலூர்_ஆபரேட்டர்:
"பலமுறை நனைந்தாலும் நிற்கும் ஃபினிஷ்" என்று கேளுங்கள், டியூரபிள் ஹைட்ரோஃபிலிக் என்றால் புரியும். கழுவிப் போகாத மருந்து போட்டதும் உண்டு, பிளாஸ்டிக்கை உருக்கும்போதே மருந்தைச் சேர்த்ததும் உண்டு. விலை கூடத்தான் இருக்கும். நாப்கினுக்கும் இதுவே வேண்டுமா என்பதைத் தனியாகப் பார்க்கலாம், அண்டர்பேடில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். முழு ரோல் எடுக்கும் முன் ஒரு மீட்டர் வாங்கி இதே சோதனையைச் செய்யுங்கள். கையில் எழுத்துப்பூர்வமாக ரிப்போர்ட் வேண்டுமென்றால் கோயம்புத்தூரில் சிட்ரா என்கிற ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் மருத்துவத் துணிகளுக்கென்றே லேப் இருக்கிறது. ரோலைத் தகரக் கொட்டகை வெக்கையில் போட்டு வைக்காதீர்கள், பழைய ரோலை முதலில் எடுங்கள்.

திருமங்கலம்_குழு:
ரொம்ப நன்றி அண்ணே. இல்லத்துக்குக் கொடுத்த மிச்ச அண்டர்பேடுகளை நாளைக்கே திரும்ப எடுத்துக்கொள்கிறோம். புது சாம்பிள் வந்ததும் நேரம் எழுதிப் போடுகிறேன்.